கோவை கார்ட் கிளப்புக்கு எந்த விதிப்புத்தகம்?

கோவையில் கார்ட் (கோ-கார்ட் எனும் சின்னப் பந்தய வண்டி) பந்தயத்துக்கென்று சின்னதாக ஒரு கிளப் தொடங்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறது: யாருடைய ரூல்ஸ்படி ஓட்டுவது? ஒருவர் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. என்பார். இன்னொருவர் ரோடாக்ஸ் என்ற இன்ஜின் கம்பெனியின் புத்தகம் என்பார். மூன்றாமவர், “எதுக்குங்க அதெல்லாம், நாமளே நாலு பக்கத்துக்கு எழுதிக்கலாம்” என்பார். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர் இது. காலேஜ் பசங்க போட்டிக்காகக் கட்டிய கார்ட்டுகள் பட்டறை மூலைகளில் தூசி படிந்து கிடக்கிற ஊரும்கூட. ஆளும் வண்டியும் டிராக்கும் இருந்தும், இந்த ஒரு கேள்வியிலேயே கூட்டம் கலைந்துவிடுகிறது.

உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பந்தயம் நடத்த யாரிடம் அனுமதி வாங்குவது என்பது ஒன்று. வண்டியை எந்தப் புத்தகத்தை வைத்துச் சோதிப்பது என்பது இன்னொன்று. பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே ஓய்ந்துவிடும்.

முதல் கேள்வி பெரிய கேள்வியாக இருப்பது அமெரிக்காவில். கார்ட் பிறந்த இடமே அதுதான். 1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல்வெட்டி இன்ஜின் ஒன்றை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஓட்டினார். மறுவருடமே கோ கார்ட் கிளப் ஆஃப் அமெரிக்கா கிளம்பிவிட்டது. பின்னாளில் இன்டர்நேஷனல் கார்ட் ஃபெடரேஷன் ஆனது அதுதான். 1971-இல் வேர்ல்ட் கார்ட்டிங் அசோசியேஷன் வந்தது. அப்புறம் சூப்பர்கார்ட்ஸ் யு.எஸ்.ஏ. போன்ற தனியார் தொடர்கள். அங்கே ஒரு ஊர்க் கிளப் இவர்களில் யாரோடு சேருவது என்று கடை கடையாக ஏறி இறங்கலாம். இன்ஷூரன்ஸை ஒருவரிடம் வாங்கிக்கொண்டு ரூல் புக்கை இன்னொருவரிடம் எடுத்துக்கொள்வதும் உண்டு. பிரிட்டனில்கூட மோட்டார்ஸ்போர்ட் யு.கே. என்ற தேசிய அமைப்புக்கு வெளியே, ‘இண்டிபெண்டன்ட் கார்ட் ரேசிங்’ என்ற பெயரில் தனியாக ஓடும் கிளப்புகள் இருக்கின்றன.

நமக்கு அந்த வசதியும் இல்லை, அந்தத் தலைவலியும் இல்லை. இந்தியாவில் நான்கு சக்கரப் பந்தயத்துக்கு எஃப்.ஐ.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றே ஒன்று: எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (ஃபெடரேஷன் ஆஃப் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்ஸ் ஆஃப் இந்தியா). லைசன்ஸ் கொடுப்பதும் போட்டிக்கு அனுமதி கொடுப்பதும் அவர்கள்தான். ஆகவே முதல் கேள்விக்கு இரண்டே விடைகள்: அவர்களிடம் போவது, அல்லது யாரிடமும் போகாமல் ஓட்டுவது.

இரண்டாவது விடை பலருக்கும் இனிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை டிராக்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, வாட்ஸாப் குரூப்பில் பெயர் சேர்த்து, சாயங்காலம் கோப்பை கொடுத்துவிட்டுப் போனால் யார் கேட்கப்போகிறார்கள்? பயிற்சி ஓட்டத்துக்கு அது போதும், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போட்டி என்று பெயர் வைத்துவிட்டால் கதை வேறு. எஃப்.ஐ.ஏ.வின் சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பு, அனுமதி இல்லாத போட்டியில் கலந்துகொள்ளும் லைசன்ஸ்காரர் மீது நடவடிக்கை எடுக்க இடம் கொடுக்கிறது. நம் கிளப்பில் ஓட்டிய ஒரு பதினான்கு வயதுப் பையன் நாளைக்கு தேசியப் போட்டிக்குப் போகும்போது இது அவன் தலையில் விடியக் கூடாது. அதைவிடப் பெரிய விஷயம் விபத்து. ஆம்புலன்ஸ், டாக்டர், மார்ஷல், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் முறையாகக் காகிதத்தில் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொல்லையே அதன் பலன். கோப்பை, கடிகாரம், பதினெட்டு வயதுக்குக் கீழே ஓட்டுநர் ஆகிய மூன்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் அனுமதி வாங்கிவிடுங்கள் என்பதே என் கட்சி.

இனி இரண்டாவது கேள்வி. இங்கேதான் நிஜமாகவே தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது.

நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பந்தயம் முடிந்து வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, தகர ஷெட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஸ்க்ரூட்டினியர் (வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி) தன் கையில் இருக்கும் கருவிகளை வைத்து அந்த விதியைச் சோதிக்க முடியுமா? முடியாதென்றால் அது புத்தகத்தில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. சொல்லப்போனால் இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல், ஏனென்றால் யோக்கியன் அதை மதித்துத் தோற்பான்.

இந்த அளவுகோல் வேறு எந்த ஊரையும்விடக் கோவைக்கு அவசியம். கணபதியிலும் சிட்கோவிலும் உள்ள பட்டறைகளில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு உதிரிபாகத்தைக் கொடுத்தால் காலையில் அதைவிட நல்லதாக ஒன்று கைக்கு வந்துவிடுகிற ஊர் இது. பம்ப் செட்டிலும் மோட்டாரிலும் ஊறிய கைகள். அந்தத் திறமையை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் ரூல் எழுதுகிறவன் அதற்குப் பயப்பட வேண்டும். ஒரு லேத் பட்டறையில், இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் பற்றிய பேச்சு இப்படித்தான் போகும்:

“ரூல்ல என்ன போட்டிருக்கு தம்பி?”

“கேம் லிஃப்ட் கம்பெனி அளவைத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்கண்ணா.”

“லிஃப்ட் மட்டுந்தானே? வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு போடலயே.”

அவ்வளவுதான், திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிச் செதுக்கிவிடுவார்கள். லிஃப்ட்டை, அதாவது வால்வை எவ்வளவு உயரம் தூக்குகிறது என்பதை, டயல் கேஜ் வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வால்வு எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்று பார்க்க, கிராங்க்கில் டிகிரி வட்டு மாட்டி, ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பி எழுத வேண்டும். எட்டு வண்டிக்கு அதைச் செய்தால் கோப்பையைத் திங்கட்கிழமைதான் கொடுக்க முடியும்.

இந்தக் கண்ணோடு ஒவ்வொரு புத்தகமாகப் பார்க்கலாம்.

எஃப்.ஐ.ஏ. கார்ட்டிங் விதிகள்தான் உச்சம். 1962-இல் சி.ஐ.கே. என்று தொடங்கிய சர்வதேச கார்ட்டிங் கமிஷனின் வழிவந்தவை. அதில் இருக்கும் ஓ.கே. பிரிவு 125 சிசி டூ-ஸ்ட்ரோக். கிளட்ச் கிடையாது, நிமிடத்துக்கு 16,000 சுற்று வரை கத்தும். கே.இசட். பிரிவுக்கு ஆறு கியர். சேசிஸ் (அடிச்சட்டம்), இன்ஜின், பம்பர் எல்லாமே ஹோமோலகேஷன் பெற்றவையாக இருக்க வேண்டும், அதாவது தயாரிப்பாளர் முன்கூட்டியே வரைபடத்தோடு பதிவு செய்த மாடல். பெரும்பாலும் இத்தாலிச் சரக்கு. இதை அப்படியே ஊர்க் கிளப்பில் வைத்தால் உள்ளூரில் வெல்டு செய்த எந்தச் சேசிஸும் கேட்டுக்குள் நுழைய முடியாது. ஓ.கே. இன்ஜினை அவிழ்த்து, பதிவு வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஆள் ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டும். இருபது வண்டி ஓடுகிற கிளப்புக்கு இது கட்டுப்படியாகாது. தேசிய அளவுக்கென்றே எளிமையாக்கிய ஓ.கே.-என் என்ற பிரிவை எஃப்.ஐ.ஏ. கொண்டுவந்திருக்கிறது, நல்ல யோசனைதான். ஆனாலும் தேசிய அளவு என்பது செட்டிபாளையத்து ஞாயிற்றுக்கிழமை இல்லை.

ஆனால் அதே புத்தகத்தின் இன்னொரு பாதியை, அதாவது ஓட்டும் முறையும் பாதுகாப்பும் பற்றிய பகுதியை, நாம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். கொடிகள், வண்டிகள் ஓடிக்கொண்டே பந்தயம் தொடங்கும் ரோலிங் ஸ்டார்ட்டில் எந்த வரிசைக்குள் வர வேண்டும், ஸ்டூவர்டிடம் (போட்டி நடுவரிடம்) எப்படி முறையிடுவது எல்லாம் பல நாடுகளில் அடிபட்டுத் தேறிய வாசகங்கள். முன் பம்பர் விவகாரம் ஒன்று போதும் உதாரணத்துக்கு. முன்னெல்லாம் வளைவில் முன்னால் போகிறவனைப் பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டி இடம் பிடிப்பது சகஜம். தட்டினான், தட்டவில்லை என்று பந்தயத்துக்கு அப்புறம் அரைமணி நேரம் சண்டை நடக்கும். 2015 வாக்கில் முன் ஃபேரிங்கை (பம்பரின் மேல்மூடியை) பிடிக்கும் கொக்கியையே மாற்றினார்கள். ஓரளவுக்கு மேல் மோதினால் ஃபேரிங் பின்னால் நழுவி இறங்கிவிடும், ஓட்டுநரால் உட்கார்ந்த இடத்திலிருந்து சரிசெய்ய முடியாது. பந்தயம் முடிந்து வரும்போது அது இறங்கியிருந்தால் ஐந்து விநாடி தண்டனை. சாட்சி தேவையில்லை, வீடியோ தேவையில்லை. ஸ்க்ரூட்டினியர் குனிந்து பார்த்தால் போதும். என் அளவுகோலில் நூற்றுக்கு நூறு வாங்கும் விதி இது. பின்னால் இருந்தவன் இடித்ததில் நடுவில் இருந்தவனின் ஃபேரிங் இறங்கிவிடுகிற அநியாயமும் நடக்கும். அதையும் தாங்கிக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

பாதுகாப்பில் இன்னும் தீர்மானமாக இருக்க வேண்டும். கார்ட்டில் சீட் பெல்ட் இல்லை, அதனால் அடி விழுவது விலாவில். அதற்கான காப்புக் கவசத்துக்கு எஃப்.ஐ.ஏ. 8870-2018 என்று தனித் தரம் இருக்கிறது. சிறுவர்களுக்கு சி.எம்.ஆர். முத்திரை உள்ள ஹெல்மெட். பிஞ்சுக் கழுத்துக்குப் பாரம் ஆகாதபடி எடை குறைவாகச் செய்தது. அப்பாவின் பைக் ஹெல்மெட்டோடு வருகிற பையனைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். நீளமான முடி முழுக்க ஹெல்மெட்டுக்குள் இருக்க வேண்டும், கழுத்தில் துணி எதுவும் கூடாது என்பதும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் வாடகை கார்ட்டின் பின் அச்சில் முடி சிக்கி உயிர் போன சம்பவங்கள் உண்டு. இந்த வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் பிட் கேட்டில் ஒட்டுங்கள்.

அடுத்து ரோடாக்ஸ். ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்ஹெனில் இருக்கும் கம்பெனி 1997-இல் இந்த 125 மேக்ஸ் இன்ஜினைக் கொண்டுவந்தது. கார்ட் உலகத்தை மாற்றியது அதன் குதிரைசக்தி என்று சொல்ல மாட்டேன், சீல்தான் மாற்றியது. சிலிண்டரையும் கிராங்க் கேஸையும் சேர்த்து எண்ணிட்ட சீல் போட்டு, கூடவே இன்ஜினுக்கு ஒரு அடையாளப் புத்தகம் கொடுத்துவிடுகிறார்கள். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் தவிர யார் திறந்தாலும் சீல் காட்டிக்கொடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்க்ரூட்டினியரின் வேலை, சீல் எண்ணும் புத்தகத்து எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் முக்கால்வாசி முடிந்துவிடும். மிச்சம் கார்புரேட்டர், எக்ஸாஸ்ட், எடை. அதற்கு வேண்டிய கேஜுகளும் அளவுகளும் ரோடாக்ஸ் புத்தகத்திலேயே தெளிவாக இருக்கின்றன.

இன்னொரு வசதி, இன்ஜின் பிள்ளையோடு கூடவே வளரும். சின்னப் பிள்ளைகளுக்கான மைக்ரோ பிரிவில் காற்றையும் புகையையும் இறுக்கிக் கட்டிய அதே 125 சிசி, ஜூனியரில் கொஞ்சம் அவிழ்கிறது, சீனியரில் எக்ஸாஸ்ட் வால்வோடு 30 குதிரைசக்தியை ஒட்டிப் போகிறது. பாகங்களை மாற்றிக்கொண்டே மேலே போகலாம். தேசிய அளவில் பல ஆண்டுகளாக ஓடிவருவதும் ரோடாக்ஸ் மேக்ஸ் பிரிவுகள்தான். பெங்களூரின் மெக்கோ கார்ட்டோபியா மாதிரியான டிராக்குகளில் நம் பிள்ளைகள் போய் நிற்கும்போது, ஊரில் ஓட்டிய அதே இன்ஜின், அதே எடை, அதே டயர் என்றால் பாதிப் பயம் போய்விடும். தேசிய அளவில் ஜெயிப்பவர்கள் ரோடாக்ஸின் உலக இறுதிப் போட்டியான கிராண்ட் ஃபைனல்ஸ் வரை போகிறார்கள்.

பிள்ளையை இந்த வழியில் அனுப்பத் துணிந்த பெற்றோருக்கு வேறு புத்தகம் தேவையே இல்லை. ஆனால் ஊர்க் கிளப் என்பது அவர்கள் மட்டும் இல்லையே. வண்டி ஒன்றுக்குச் செலவு லட்சக்கணக்கில். சுமார் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்கு சீல் போடும் அதிகாரம் உள்ள சென்டருக்குப் பார்சல் கட்ட வேண்டும். எத்தனை திறமையான மெக்கானிக் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அவர் கை வைக்க முடியாது. கோவைக்காரனுக்கு இது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

பெட்ரோல் பற்றியும் சொல்லியாக வேண்டும், எந்த வெளிநாட்டுப் புத்தகமும் நமக்காக இதை எழுதிவைக்கவில்லை. இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். கேனில் ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால், அடியில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து நிற்கும். டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜினுக்கு எண்ணெய் போவதே பெட்ரோலோடு கலந்துதான். அந்தக் கலவை கெட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, எத்தனால் கலந்தால் காற்று-பெட்ரோல் கலவை மெலிந்துபோகும், அதற்கேற்ப கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். வெளிநாட்டு ஜெட் அட்டவணையை நம்பி ஓட்டினால் இன்ஜின் கொதிக்கும். அப்புறம் சோதனை. பெட்ரோலில் கள்ளக்கலப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கையடக்க மீட்டர்கள் எத்தனாலைக் கண்டாலே அளவு மாறிக் காட்டும். ஆகவே விதியை இப்படி எழுதுவதுதான் புத்திசாலித்தனம்: ஒரே பங்க், ஒரே நாள், கிளப் வாங்கிவந்த கேன். எல்லோரும் கிளப் ஆள் கண் முன்னால் அதிலிருந்தே ஊற்றிக்கொள்ள வேண்டும். மீட்டரே வேண்டியதில்லை.

மூன்றாவது வழி ஃபோர்-ஸ்ட்ரோக். அமெரிக்கா, கனடா ஊர்க் கிளப்புகளுக்கு மறுவாழ்வு கொடுத்தது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 206 என்ற இன்ஜின். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே சீல் போட்டு வரும், ஒன்பது குதிரைசக்திக்குச் சற்றுக் குறைவு, 6,100 சுற்றில் தானே கட் ஆகிவிடும். கார்புரேட்டர் ஸ்லைடைக் கம்பெனி நிறவாரியாகக் கொடுக்கிறது: சின்னப் பிள்ளைக்கு ஒரு நிறம், ஜூனியருக்கு ஒரு நிறம், பெரியவருக்குத் தடையில்லாதது. மூடியைத் திறந்து நிறத்தைப் பார்த்தால் பிரிவு தெரிந்துவிடும். விதிகளையும் கம்பெனியே ஆண்டுதோறும் எழுதி வெளியிடுகிறது. எந்த அமைப்போடு சேர்ந்த கிளப் ஆனாலும் அதை எடுத்துக்கொள்ளலாம். அங்கே அமைப்புகளுக்குள் இருந்த விதிக் குழப்பத்தைக் குறைத்ததில் இந்த இன்ஜினுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்மூரில் அதை இறக்குமதி செய்துதான் வாங்க வேண்டும், ஒரு போல்ட் போனாலும் கப்பலைப் பார்த்து உட்கார வேண்டும். கையில் இருப்பது ஹோண்டா ஜி.எக்ஸ். இன்ஜின். வாடகை கார்ட்டிலும் இருக்கிறது, வயலில் தண்ணீர் இறைக்கும் பம்ப்பிலும் இருக்கிறது. உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம், எந்த மெக்கானிக்குக்கும் பழக்கம். குறை ஒன்றுதான், கம்பெனி சீல் கிடையாது. அதனால் நாமே சீல் போட வேண்டும்: ஹெட் போல்ட், சைடு கவர் போல்ட்களில் துளை போட்டுக் கம்பி கோத்து எண்ணிட்ட முத்திரை. போடுவதற்கு முன் ஒருமுறை முழுக்கத் திறந்து பார்த்துவிட வேண்டும். ஏன் என்றால், ஜி.எக்ஸ். 160-க்கும் 200-க்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 68 மில்லிமீட்டர். வித்தியாசம் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கில் மட்டும்: 45, 54. வெளியே 160 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் இன்ஜினுக்குள் 200-இன் கிராங்க் உட்கார்ந்திருந்தால் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கி, வெர்னியரின் வாலை உள்ளே விட்டால் ஒன்பது மில்லிமீட்டர் பொய் பளிச்சென்று தெரியும்.

இன்ஜின் வேகத்துக்கு வரம்பு கட்டும் கவர்னர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கவர்னரைக் கழற்றினால் இந்த இன்ஜின் தன் வடிவமைப்பு வேகத்தைத் தாண்டிச் சுற்றும். கம்பெனி கனெக்டிங் ராடும் வார்ப்பு ஃப்ளைவீலும் அதற்காகச் செய்தவை அல்ல. ராடு உடைந்தால் காசு போகும், ஃப்ளைவீல் உடைந்தால் பக்கத்தில் இருப்பவன் கால் போகும். கவர்னர் இருக்க வேண்டும், ஸ்பிரிங் கிளப் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். மெதுவாக இருக்கிறதே என்று முதல் மாதம் எல்லோரும் முணுமுணுப்பார்கள். ஒரே வேகத்தில் எட்டு வண்டி ஒரு வளைவுக்குள் நுழையும்போது முணுமுணுப்பு நின்றுவிடும்.

இதைவிட நல்ல ஏற்பாடு, இன்ஜின்கள் கிளப்புக்கே சொந்தமாக இருப்பது. காலையில் டோக்கன் குலுக்கி எடுத்து அன்றைக்கு வந்த எண்ணை மாட்டிக்கொள்வது. ஏமாற்ற ஆசைப்பட்டாலும் எந்த இன்ஜினை ஏமாற்றுவது என்று தெரியாது. சென்னை, பெங்களூர் ஆட்கள் இதைக் கேட்டால் வாடகை கார்ட் என்று சிரிக்கலாம். இந்தியாவில் ஃபார்முலா பந்தயத்தைச் சாதாரண ஆட்கள் எட்டிப்பிடிக்கும் விலைக்குக் கொண்டுவந்த கரிவர்தனின் வழியும் இதேதான், மாருதி 800 இன்ஜினை வைத்து எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. நாராயண் கார்த்திகேயன் தொடங்கியதும் அந்த ஃபார்முலா மாருதியில்தான்.

நான்காவது வழி, சொந்த விதி. ஷைன், டிஸ்கவர் பைக் இன்ஜின் வைத்துக் காலேஜ் பசங்க கட்டிய வண்டிகளையும் சேர்த்துக்கொண்டு, “125 சிசிக்குள் எதுவானாலும் சரி” என்று ஓபனாக விடுவது. மனசுக்கு இதுதான் பிடிக்கும், மறைக்க மாட்டேன். ஒரு மாணவன் தானே வளைத்து வெல்டு வைத்த குழாயில் உட்கார்ந்து ஓட்டுவதைப் பார்க்கும் சந்தோஷம் இத்தாலிச் சேசிஸில் வராது. ஆனால் அந்த வெல்டு உள்ளே எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று ஷெட்டுக்குக் கீழே பார்க்க வழியில்லை. ஒரு வண்டியில் பிரேக் பின் அச்சில் ஒன்று, இன்னொன்றில் நான்கு சக்கரத்துக்கும். வளைவின் வாசலில் ஒருவன் பிடிக்கும் இடத்தில் பின்னால் வருபவனால் பிடிக்க முடியாது. இவர்களைச் சக்கரத்தோடு சக்கரம் ஓட விடக் கூடாது. ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு ஓடட்டும், டைம் டிரையல் என்று தனிக் கோப்பை வையுங்கள். அதில் கேம் ஷாஃப்ட்டை எப்படி வேண்டுமானாலும் செதுக்கிக்கொள்ளலாம். கணபதிப் பட்டறை அண்ணாவும் சந்தோஷப்படுவார்.

டயருக்கு நீண்ட பேச்சு வேண்டாம். ஒரே பிராண்டு, கெட்டியான ரகம், சீசனுக்கு இத்தனை செட் என்று வரம்பு, பெயின்டில் அடையாளம். மென்மையான டயரை அனுமதித்தால் ஒவ்வொரு ஞாயிறும் புது செட் வாங்கியவன்தான் ஜெயிப்பான்.

எடையைப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுக்க வேண்டாம். ரோடாக்ஸ் சீனியரில் டிரைவரோடு சேர்த்து 160 கிலோவை ஒட்டி வரும். அந்தப் பிரிவுக்கு அதை மாற்றக் கூடாது, தேசியப் போட்டியோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் ஹோண்டா பிரிவில் பெரியவர்களுக்கான குறைந்தபட்ச எடையை, 80 கிலோ ஆள், எடை கூட்டக் கட்டும் ஈயம் இல்லாமலே தொடும்படி வையுங்கள். நம் கிளப்புகளில் காசு கட்டி ஓட்டுகிற ஆட்களில் கணிசமானவர் நாற்பதைத் தாண்டியவர், தொப்பைக்குச் சொந்தக்காரர். ஐம்பத்தைந்து கிலோ பையன்கள் நேர்ப்பாதையில் பறந்துபோவதைப் பின்னாலிருந்து பார்க்க அவர்கள் இரண்டாம் வருடம் வர மாட்டார்கள். ஈயக்கட்டியை சீட்டில் டேப் சுற்றி ஒட்டுவது மட்டும் கூடாது. எஃப்.ஐ.ஏ. சொல்வதுபோல ஒவ்வொரு கட்டிக்கும் குறைந்தது இரண்டு போல்ட், 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல். மோதலில் கழன்று பறக்கும் ஈயக்கட்டி பின்னால் வருபவனின் நெஞ்சுக்கு நேராகத்தான் வரும்.

ஆக, என்னைக் கேட்டால்: அனுமதி எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யிடம். ஓட்டும் முறைக்கும் பாதுகாப்புக்கும் எஃப்.ஐ.ஏ. வாசகம், பெற்றோருக்காகத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கத்தோடு. வண்டிக்கு இரண்டே பிரிவு. முதல் வருடம் முழுக்கக் கிளப் ஹோண்டா. ஜூனியரிலோ சீனியரிலோ ஆறு ரோடாக்ஸ் சேர்ந்த பிறகு, அந்தப் பிரிவை ரோடாக்ஸ் புத்தகத்தில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் தொடங்கலாம். மூன்று வண்டியை வைத்துக்கொண்டு மூன்று கோப்பை கொடுப்பது யாருக்கும் மரியாதை இல்லை. பிரிவுகளைக் கூட்டச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள், கேட்கட்டும்.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதன் முன்னால் கிளப்பே ஒரு பக்கம் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும். சீசன் நடுவில் தொழில்நுட்ப விதி மாறாது, பாதுகாப்புக்காக மட்டும் மாறலாம். புகார் கொடுப்பவர் பணம் கட்டி, எழுத்தில், முடிவு அறிவித்த அரைமணிக்குள் கொடுக்க வேண்டும். புகார் நிரூபணமானால் பணம் திரும்பும். புத்தகத்தில் அனுமதி என்று எழுதாதது எதுவும் அனுமதி இல்லை. இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மேலே சொன்ன கேம் ஷாஃப்ட் கதைதான் ஒவ்வொரு மாதமும்.

ஸ்க்ரூட்டினியராக யாரைப் போடுவது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். கிளப்பில் ஓட்டுகிற யாருக்கும் இன்ஜின் கட்டிக் கொடுப்பவரோ, டயர் விற்பவரோ, பிள்ளையை ஓட்ட விட்டிருப்பவரோ அந்த ஷெட்டில் உட்காரக் கூடாது. கோவையில் இந்த மூன்றிலும் சேராத, டயல் கேஜ் பிடிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டந்தான். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்து ரிட்டயர் ஆன ஒருவரைப் பிடித்து, மதியச் சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் கொடுத்து, அவர் சொன்னால் சொன்னதுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அதற்கப்புறம் புத்தகம் ஆஸ்திரியாவிலிருந்து வந்ததா அமெரிக்காவிலிருந்து வந்ததா என்று யாரும் கேட்கப்போவதில்லை.